உறங்கும் தினையை எழுப்புவோம்!

குட்டி விஞ்ஞானிகளே, உங்கள் வீட்டு லவ் பேர்ட்ஸ் தினையை மட்டும் கொறித்துவிட்டு, கீரையைக் கண்டால் கூண்டின் மூலையில் ஒண்டிக்கொள்கிறதா? அது அடம் இல்லை, பயம். அதைப் போக்கும் முன், கிளிக்கு எது பிடிக்கும் என்று பார்க்க மலைக்குப் போவோம்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழும் கல்வராயன் மலையில் சாமை, தினை, கேழ்வரகு விளைகின்றன. கதிர் பால் பிடித்தால் போதும், கிளிக்கு மூக்கில் வியர்த்துவிடும்! சங்க காலத்திலேயே மலைநாட்டுப் பெண்கள் பரண் மேல் இருந்து தினைப்புனத்துக் கிளிகளை விரட்டினார்கள். பசுமையான இளமணி என்றால் கிளிகளுக்கு அவ்வளவு ஆசை.

நம் ஊரில் லவ் பேர்ட்ஸ் என்று விற்கப்படுவது பெரும்பாலும் பட்ஜி என்ற குட்டிக் கிளி. சொந்த ஊர் ஆஸ்திரேலியா. 1840-இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்தில் மழை பெய்து புல் கதிர்விடும் காலம் பார்த்துத்தான் பட்ஜிகள் குஞ்சு பொரிக்கும்.

கூண்டில் நாம் போடுவதோ காய்ந்த தினை. அது உறங்கும் விதை. மாவுச்சத்து நிறைய உண்டு. வைட்டமின் ஏ மிகக் குறைவு. தண்ணீர் பட்டதும் விதை விழிக்கிறது. அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கிறது. முளை வளர வளர வைட்டமின் சி உருவாகிறது. வைட்டமின் ஏ-க்கு மூலப்பொருளைக் கொத்தமல்லி, முருங்கைக்கீரை போன்றவை தருகின்றன.

தினையை முளைகட்டிப் பார்ப்போமா? உமி நீக்காத தினை ஒரு தேக்கரண்டி போதும். உமி நீக்கிய தினையரிசி பெரும்பாலும் முளைக்காது. விதைப்பதற்காக மருந்து கலந்து விற்கும் விதை கூடவே கூடாது. இரவு ஊறவையுங்கள். காலையில் அலசி வடிகட்டியில் வையுங்கள். பிறகு தினமும் மூன்று முறை அலசுங்கள். ஓரிரு நாளில் வெள்ளை முளை எட்டிப் பார்க்கும். முகர்ந்து பாருங்கள்: பச்சைப்புல் வாசம் வந்தால் நல்லது. புளித்த வாடையோ வழவழப்போ இருந்தால் குப்பையில் போடுங்கள். கூண்டில் வைத்ததையும் இரண்டு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

இனி பயத்தைப் போக்குவோம். காட்டில் பட்ஜியைப் பிடித்துத் தின்னப் பருந்து காத்திருக்கும். அதனால் புதிதாக எதைக் கண்டாலும் அது தயங்கும். முதலில் வழக்கமான தினையின் மேல் நாலைந்து முளைகளைத் தூவுங்கள். கீரையை நன்றாகக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டக் குச்சியருகே துணி மாட்டும் கிளிப்பால் தொங்கவிடுங்கள். ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிப்பது பட்ஜிக்குப் பிடிக்கும். குளிக்க வந்தது கடித்தும் பார்க்கும். ஒன்று தின்றால் மற்றதும் பார்த்துக் கற்றுக்கொள்ளும்.

பட்டினி போட்டுப் பழக்காதீர்கள்! அதன் எடையே 30 முதல் 40 கிராம்தான், பசி தாங்காது. கிண்ணம் நிறைந்திருப்பதாகத் தோன்றினாலும் மெல்ல ஊதிப் பாருங்கள். பறப்பதெல்லாம் வெறும் உமி. அடியில் தினை மிஞ்சியிருக்கிறதா?

பழகச் சில நாளாகலாம், சில வாரமும் ஆகலாம். ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: என்று எட்டிப் பார்த்தது, என்று அருகில் வந்தது. முதல் முறை கொத்திய நாளைச் சிவப்பு மையில் எழுதுங்கள்!