மென்பொருள் தேர்வு

கணினி வாங்குவோர் அதன் விலையையும் விரைவையும் ஆராய்கின்றனர். அதில் நிறுவும் மென்பொருளை ஆராய்வோர் சிலரே. ஆயினும், அன்றாடப் பணியின் பயன் மென்பொருளைச் சார்ந்தே அமைகிறது.

கடிதம் எழுதச் சொற்செயலியும், வரவுசெலவு பார்க்க விரிதாளும் வேண்டும். லிப்ரே ஆபீஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் இவ்விரண்டையும் விலையின்றி வழங்குகின்றன. விலையினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. இன்று உருவாக்கும் கோப்பைப் பத்தாண்டுகள் கழித்து வேறொரு கணினியில் திறந்து படிக்க இயலுமா என்பதே அவ்வினா.

இதற்குத் தமிழே தக்க சான்று. ஒருங்குறி பரவுவதற்கு முன்னர்த் தமிழ் எழுத்துருக்கள் பலவும் வெவ்வேறு குறியீட்டு முறைகளைப் பின்பற்றின. உரிய எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால், தமிழுக்கு மாறாகப் பொருளற்ற குறிகளே தோன்றின. ஒருங்குறியிலோ 'க' என்னும் எழுத்துக்கு எக்கணினியிலும் 2965 என்னும் ஒரே எண்தான். தமிழ்நாடு அரசும் 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது.

எழுத்துக்கு ஒருங்குறி போலக் கோப்புக்கும் பொதுத்தரம் உண்டு. திறந்த ஆவண வடிவம் 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்டது. இவ்விரு தரங்களையும் பின்பற்றும் மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால், கருவி மாறினாலும் எழுதியது நிலைக்கும்.