கிர்க்கின் கம்யூனிகேட்டர்: பிரதி வாங்கும் முன்

அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 1966 செப்டம்பரில் 'ஸ்டார் டிரெக்' என்ற விண்வெளித் தொடர் தொடங்கியது. மூடியைச் சுண்டித் திறந்து கேப்டன் கிர்க் பேசும் கம்யூனிகேட்டர், அவருடைய அதிகாரி ஸ்பாக்கின் தோளில் தொங்கும் ஆய்வுக் கருவியான டிரைகார்டர் இரண்டையும் வடிவமைத்துச் செய்தவர் வா சாங் என்ற சிற்பி. தொழிற்சங்க உறுப்பினர் இல்லை என்பதால் தொடரில் அவர் பெயர் போடப்படவில்லை. இன்று ரசிகர்கள் காசு சேர்த்து வாங்கும் பிரதிகள் அவர் கைவேலையின் பிரதிகள்தான்.

வாங்கும் முன் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, இது எதன் பிரதி என்பது. படப்பிடிப்புக்கு ஒரு கருவியை ஒன்றோடு நிறுத்தமாட்டார்கள். கேமரா நெருங்கிவரும் காட்சிக்கு நுணுக்கமாகச் செய்ததை 'ஹீரோ' என்பார்கள். இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க வெறும் கூடு போதும். சண்டைக் காட்சியில் கீழே விழுந்து புரளும்போது ரப்பரில் செய்தது. விளக்கு எரியாத பிரதி என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம். அது கூடு வகையின் சரியான நகலாகவும் இருக்கலாம்.

ஹீரோ கம்யூனிகேட்டரைத் திறந்தால் நடுவில் ஒரு வட்டம், அதற்குள் கோடுகள் சுழன்று அலைபாயும். இரண்டு கொசுவலையை ஒன்றன்மேல் ஒன்று பிடித்து லேசாக நகர்த்தினால் அலையலையாகத் தெரியுமே, அதே வித்தைதான். சுழற்றியது மோட்டார் அல்ல, சாவி கொடுத்து ஓடும் ஸ்டாப்வாட்சின் உள்எந்திரம். படப்பிடிப்புக் கருவிகளில் எனக்கு மிகவும் பிடித்த வேலைப்பாடு இது.

எல்லாமே இப்படிப் புதிதாகச் செய்யப்பட்டவை அல்ல. முதலில் ஒளிபரப்பான 'தி மேன் டிராப்' கதைக்காக வினோத வடிவ உப்புக் குடுவைகளை வாங்கி வந்தார்கள். பார்த்தால் உப்புக் குடுவை என்றே தெரியாது என்பதால் அவை டாக்டர் மெக்காயின் மருத்துவக் கருவிகளாகிவிட்டன.

பிரதிகளைப் பெரும்பாலும் சிலிக்கோன் அச்செடுத்து, ரெசின் ஊற்றி வார்க்கிறார்கள். ரெசின் இறுகும்போது சற்றே சுருங்கும். ஒருவர் உழைத்துச் செய்த பிரதியை வாங்கி, அதிலிருந்தே அச்செடுத்து மலிவாக விற்பதை 'ரீகாஸ்ட்' என்பார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் அளவு குறையும், விளிம்புகள் மழுங்கும், கோடுகள் மங்கும். வேறொருவர் உழைப்பைத் திருடி விற்பது அது. எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

இந்தச் சுருக்கத்துக்கு இடம் கொடுக்காத வழியும் வந்துவிட்டது. இங்கிலாந்தின் வாண்ட் கம்பெனி, அசல் ஹீரோ கம்யூனிகேட்டர் ஒன்றை முப்பரிமாண ஸ்கேன் செய்து, 2016இல் உரிமம் பெற்ற பிரதியை வெளியிட்டது. புளூடூத் வழியே போனோடு இணைத்து அதில் பேசவும் முடியும். வீட்டிலேயே முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் செய்பவர்களும் நிறைய. இயந்திரத்திலிருந்து எடுத்ததும் மேற்பரப்பில் வரிவரியாகப் படிவுகள் தெரியும். உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்து, பிரைமர் அடித்து, மறுபடி தேய்த்த பிறகே வண்ணம் பூசவேண்டும். வேலையின் தரம் தேய்ப்பதில்தான் தெரியும்.

பாதுகாக்கப் பெரிய செலவில்லை. வெயில் நேராகப் பட்டால் ரெசின் மஞ்சளாகும், நிழலில் வையுங்கள். உபயோகிக்காதபோது பேட்டரியைக் கழற்றிவிடுங்கள், கசிந்தால் உள்ளிருக்கும் சர்க்யூட் அரித்துப்போகும். நன்றாகச் செய்த பிரதியைப் பழசாக்கி அசல் என்று விற்பவர்களும் உண்டு. ஆகவே உங்களிடம் இருப்பது கைமாறும்போது, யார் செய்தது, எந்த ஆண்டு, எதன் பிரதி என்று ஒரு தாளில் எழுதிச் சேர்த்துக் கொடுங்கள்.