சிட்டிகைப் புற்றுமண்ணும் குடலின் கணக்கும்

தென்காசி மாவட்டத்துச் சங்கரன்கோவிலில், சங்கரநாராயணர் திருக்கோயிலுக்கு வருவோர் புற்றுமண்ணைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியில் இடுவதும், தோல்நோய் தீருமென உடலில் பூசுவதும், சிட்டிகையளவு நீரில் கரைத்து அருந்துவதும் நெடுநாள் வழக்கம். நிலத்தடிக் களிமண்ணைக் கரையான்கள் உமிழ்நீரால் பிணைத்துக் கட்டுவதே புற்று. பாறை சிதைந்து உண்டான எல்லா மண்ணையும் போல அதிலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 ஆகிய கதிரியக்கத் தனிமங்கள் நுண்ணளவில் இருந்தே தீரும்.

கதிரியக்கத்தை அளக்கும் அலகு பெக்கரல். வினாடிக்கு ஓர் அணு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். உலக மண்ணின் பொதுவான அளவு கிலோவுக்கு யுரேனியம்-238 சுமார் 35, தோரியம்-232 சுமார் 30, பொட்டாசியம்-40 சுமார் 400 பெக்கரல் என்பதால், ஒரு கிராம் மண்ணோடு உள்ளே செல்லும் பொட்டாசியம்-40 அரை பெக்கரலைக்கூட எட்டாது. வளர்ந்தவர் உடலிலோ அத்தனிமம் எப்போதும் 4,000 பெக்கரல் அளவில் இருக்கிறது; மிகுதியாக உண்டாலும் சிறுநீரகம் வெளியேற்றிவிடுவதால் அந்த அளவு பெரிதாக மாறுவதில்லை.

மற்றவற்றைக் குடலே தடுக்கிறது. கரைந்த நிலையில் உள்ள யுரேனியத்திலேயே நூற்றில் இரண்டு பங்குதான் இரத்தத்தில் சேரும்; தோரியத்தில் பத்தாயிரத்தில் ஐந்து. மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் மோனசைட் மணலில் தோரியம் மிகுதி என்றாலும், அக்கனிமம் இரைப்பை அமிலத்தில் எளிதில் கரைவதில்லை. இரத்தத்தில் சேர்ந்த யுரேனியத்தின் பெரும்பகுதி ஒரு நாளிலேயே சிறுநீரில் போய்விட, எஞ்சியது எலும்பிலும் சிறுநீரகத்திலும் தங்குகிறது. யுரேனியம் சிதையும் வரிசையில் தோன்றும் ரேடியம் மட்டும் வேறு வகை: கால்சியத்தை ஒத்த வேதிப்பண்பு உடையதாதலால் ஐந்தில் ஒரு பங்கு உட்கவரப்பட்டு எலும்பில் குடியேறுகிறது. உடல் தனிமத்தின் கதிரியக்கத்தைப் பார்ப்பதில்லை, வேதிப்பண்பையே பார்க்கிறது.

ஆகவே சிட்டிகை மண்ணில் அஞ்சவேண்டியது யுரேனியமன்று. உருளைப்புழுவின் முட்டையும், மண் மாசுபட்டிருந்தால் ஈயமும் அதைவிடப் பெரிய கேடுகள். ஈயமும் கால்சியம் புகும் வழியிலேயே புகுகிறது. வளர்ந்தவர் குடல் அதில் பத்தில் ஒரு பங்கை ஏற்றால் குழந்தையின் குடல் பாதியளவை ஏற்கும். மண் தின்னும் வேட்கை பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளைகளிடமும் கருவுற்ற பெண்களிடமும் காணப்படுகிறது. அக்குறைபாடு உள்ளவர்களின் குடலோ ஈயத்தை இன்னும் மிகுதியாகக் கவர்கிறது.