வங்கியில் அடகு போகும் சீஸ்

வட இத்தாலியில் கிரெடிட்டோ எமிலியானோ என்றொரு வங்கி, சீஸை அடகாக வாங்கிக்கொண்டு கடன் தருகிறது. 1950களில் தொடங்கிய வழக்கம் இது. ஏறத்தாழ 40 கிலோ எடையுள்ள உருளைகள் வங்கியின் கிடங்கில் அடுக்கடுக்காக முதிர்கின்றன. அவற்றைத் துடைத்துத் திருப்பி வைக்கவும் ஆட்கள் உண்டு.

பார்மா, ரெஜ்ஜோ எமிலியா, மோடெனா வட்டாரங்களின் பார்மிஜானோ ரெஜ்ஜானோதான் அந்தச் சீஸ். குறைந்தது 12 மாதம் முதிராமல் அந்தப் பெயரில் விற்க முடியாது. இரண்டு, மூன்று ஆண்டு வைப்பவர்களும் உண்டு. ஆனால் சீஸ் செய்பவர்களால் பணத்துக்கு அதுவரை காத்திருக்க முடியுமா? அந்த இடைவெளியைத்தான் கடன் நிரப்புகிறது.

ஓர் உருளைக்குச் சுமார் 550 லிட்டர் பால் வேண்டும். முதல்நாள் மாலை கறந்த பாலை அகலமான தொட்டிகளில் இரவு முழுக்க விட்டு, மேலே திரளும் ஆடையை எடுத்துவிடுவார்கள். அது வெண்ணெய்க்குப் போகும். மீதியைக் காலைப் பாலோடு செப்புக் கொப்பரையில் சேர்த்து, முந்தைய நாள் எடுத்துவைத்த சீஸ் தெளிநீரை ஊற்றுவார்கள். நம் வீட்டில் நேற்றைய தயிரை உறை ஊற்றுவதுபோல. பாலைத் திரிய வைப்பது கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட். ஆகவே இது சைவம் அல்ல. உப்பைத் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது.

திரண்டதை எடுத்தபின் மிஞ்சும் தெளிநீரில் ஒரு பங்கு மறுநாள் உறைக்கு. மற்றொரு பங்கு பன்றிகளுக்குத் தீவனம். பார்மாவின் புகழ்பெற்ற பன்றித்தொடை இறைச்சியான ப்ரொஷூட்டோவுக்குப் பின்னாலும் இந்தத் தெளிநீர் இருக்கிறது.

வீட்டுச் சமையலிலும் அதே சிக்கனம். சீவ முடியாத கெட்டித் தோலைக் காய்கறி சூப்பான மினெஸ்ட்ரோனேயில் போட்டுக் கொதிக்கவிடுவார்கள். காய்ந்த ரொட்டித் தூளையும் சீஸையும் முட்டையில் பிசைந்து, துளையச்சில் பிழிந்து, கொதிக்கும் இறைச்சிச் சாற்றில் வேகவைத்தால் பாஸ்ஸாதெல்லி. மீன், நண்டு சேர்ந்த பாஸ்தாவின் மேல் மட்டும் சீஸ் தூவுவதில்லை என்பது பரவலான வழக்கம். சீஸ் வாங்க வசதியில்லாத தென்னித்தாலியக் குடும்பங்கள், எண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளைப் பாஸ்தாவில் தூவிக்கொண்டன.

2012 மே மாதம் எமிலியாவை நிலநடுக்கம் உலுக்கியபோது கிடங்கு அலமாரிகள் சரிந்து, லட்சக்கணக்கான உருளைகள் சேதமாயின. மோடெனாவின் சமையல் கலைஞர் மாஸ்ஸிமோ பொத்தூரா, மிளகும் பார்மிஜானோவும் சேர்ந்த ரிசொட்டோ அரிசிச் சமையல் ஒன்றை உருவாக்கினார். ‘இதைச் சமையுங்கள், சீஸ் விற்றுவிடும்’ என்பது அவர் கணக்கு. பல நாடுகளில் மக்கள் அதைச் சமைத்தார்கள். விரிசல் விட்ட சீஸுக்கும் வாங்குவோர் கிடைத்தார்கள்.