கை விரித்தது அமெரிக்கா. கம்ப்யூட்டர் செய்தது புனே! பிறகு சீனா முந்தியது எப்படி?

வாகட் சவுக்கில் செல்போன் உறை, சார்ஜர், இயர்போன் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பேரம் பேசி விலையைப் பாதியாக்கிய பிறகு, பொருளைக் கையில் கொடுக்கும்போது கடைக்காரர் தவறாமல் ஒன்று சொல்வார்: "சைனா மால் ஹை, காரண்டி நஹீ."

இந்த ஊர்த் தமிழர்களுக்கு அந்த வாக்கியம் மனப்பாடம். மலிவு, மூன்று நாளில் கெட்டுப் போகும், மாற்றித் தர மாட்டார்கள் என்பது அதன் பொருள்.

ஆனால் வாகட்டிலிருந்து காரில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய் வரக்கூடிய தொலைவில், சாக்கணில் சீனாவின் 'சானி' நிறுவனம் பெரிய பெரிய மண்வாரி எந்திரங்களைத் தயாரிக்கிறது. ராஞ்சண்காவில் 'ஹையர்' நிறுவனத்தின் குளிர்சாதனப் பெட்டிகள் தயாராகின்றன. இவற்றை வாங்குகிறவர்கள் காரண்டி அட்டையையும் சேர்த்தே வாங்கிச் செல்கிறார்கள். சவுக்குக் கடைக்காரரின் வாக்கியம் பழசாகி விட்டது என்பது இதிலிருந்தே தெரியும்.

இவை எல்லாவற்றையும் விடப் பெரிய செய்தி 2016 ஜூன் மாதம் வந்தது. உலகத்திலேயே வேகமான கம்ப்யூட்டர் எது என்று ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு பட்டியல் வெளியிடுகிறார்கள். அதில் முதல் இடத்தைச் சீனாவின் 'சன்வே தைஹுலைட்' பிடித்தது. ஷாங்காய்க்குப் பக்கத்தில் உள்ள ஊஷி நகரத்தில் அது நிறுவப்பட்டிருந்தது. முதல் இடம் சீனாவுக்குப் புதிதல்ல. ஆனால் இந்த எந்திரத்தின் உள்ளே இருந்த 40,960 'சிப்'களும் சீனாவே வடிவமைத்தவை. அமெரிக்கச் சிப் ஒன்றுகூட அதில் கணக்குப் போடவில்லை.

அமெரிக்கா சிப் தர மறுத்து ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது.

இந்தக் கதையைப் புனேக்காரர்கள் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கும். ஏனென்றால் அமெரிக்காவின் அதே மறுப்பை இந்தியாவும் கேட்டது. அதற்குப் பதிலும் புனேயிலிருந்தே போனது.

ராஜீவ் காலத்தில்

1980களின் நடுவில் பருவமழையை முன்கூட்டிக் கணிப்பதற்கு ஒரு 'சூப்பர் கம்ப்யூட்டர்' வேண்டும் என்று இந்தியா முடிவு செய்தது. அப்போது அந்தச் சரக்கில் உலகப் புகழ் பெற்ற நிறுவனம் அமெரிக்காவின் 'கிரே'.

அமெரிக்க அரசு இழுத்தடித்தது. இந்த எந்திரத்தைக் கொண்டு மழையையும் கணக்கிடலாம். அணுகுண்டையும் ஏவுகணையையும்கூடக் கணக்கிடலாம் என்பது அவர்கள் பயம். ரஷியாவின் கைக்குப் போய்விடுமோ என்ற சந்தேகமும் இருந்தது. இந்தியா கேட்ட ரகத்தைக் கொடுக்காமல், அதைவிடச் சக்தி குறைந்த ஒன்றைத்தான் கொடுத்தார்கள். அதுவும் வானிலை வேலைக்கு மட்டுமே பயன்பட வேண்டும் என்ற நிபந்தனையோடு வந்தது. 1989இல் அது டெல்லியில் இயங்கத் தொடங்கியது.

காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இத்தனை நிபந்தனையா என்று அன்றைய விஞ்ஞானிகளுக்கு உறைத்திருக்க வேண்டும். பிரதமர் ராஜீவ் காந்தி காலத்திலேயே வேறொரு வேலையும் தொடங்கியிருந்தது. 1988இல் புனேயில் 'சி-டாக்' என்ற உயர் கணினி வளர்ச்சி மையம் உருவானது. தலைவர் டாக்டர் விஜய் பட்கர். இடம், கணேஷ்கிண்டில் உள்ள புனே பல்கலைக்கழக வளாகம். வாகட்டிலிருந்து பாணேர் வழியாகப் போனால் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.

கொடுக்கப்பட்ட கெடு மூன்று ஆண்டு. வினாடிக்கு 100 கோடி கணக்குப் போடும் எந்திரம் வேண்டும்.

64 கவுண்டர்

'கிரே' மாதிரி எந்திரத்தைச் செய்வது இந்தியாவால் முடியாத காரியமாக இருந்தது. அதற்கு வேண்டிய அதிவேகச் சிப்கள் இங்கே கிடையாது. ஆகவே புனே நிபுணர்கள் வேறு வழியில் போனார்கள்.

ரயில் நிலையத்தின் டிக்கெட் முன்பதிவுக் கூடத்தை நினைத்துக் கொள்ளுங்கள். கூட்டத்தைச் சமாளிக்க இரண்டு வழி உண்டு. மின்னல் வேகத்தில் வேலை செய்யும் ஒரே ஒரு குமாஸ்தாவைத் தேடிப் பிடித்து உட்கார வைக்கலாம். அப்படிப்பட்டவர் கிடைப்பது அபூர்வம். இல்லாவிட்டால் சாதாரண வேகமுள்ள 64 பேரை 64 கவுண்டரில் உட்கார வைக்கலாம்.

இரண்டாவது வழி சுலபம் என்று தோன்றும். அதில்தான் வில்லங்கம் இருக்கிறது. ஒரு கவுண்டரில் கொடுத்த படுக்கையை இன்னொரு கவுண்டரில் கொடுத்து விடக் கூடாது. ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்கக் கூடாது. யாருக்கு எந்த வேலை என்று பிரித்துக் கொடுக்கவே நேரமெல்லாம் போய்விடவும் கூடாது. 64 பேரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அந்தப் பேச்சை ஒழுங்குபடுத்துவதுதான் வித்தை.

புனே நிபுணர்கள் இங்கிலாந்தின் 'இன்மாஸ்' நிறுவனம் தயாரித்த 'டிரான்ஸ்பியூட்டர்' என்ற சிப்பை வாங்கினார்கள். பக்கத்துச் சிப்களோடு பேசுவதற்கென்றே அதில் நான்கு இணைப்புகள் வைத்திருந்தார்கள். 64 சிப்களைக் கோர்த்தார்கள். வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருளை அவர்களே எழுதினார்கள். 1991இல் 'பரம் 8000' பிறந்தது. 256 சிப் வரை கோர்த்தால் ஏட்டுக் கணக்கில் வினாடிக்கு 100 கோடியை எட்டும் எந்திரம் அது. உண்மை வேலையில் அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தொட்டாலே அதிகம். இருந்தாலும் ஜெர்மனி, இங்கிலாந்து, ரஷியா ஆகிய நாடுகளுக்கு ஏற்றுமதியானது. 'எந்திரம் தர மாட்டோம்' என்று சொல்லப்பட்ட நாடு எந்திரத்தை விற்றது.

அதே கட்டிடத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் தொடங்கிப் புனேக்கு வந்த 'ஜிஸ்ட்' என்ற அட்டையைக் கம்ப்யூட்டரில் செருகினால், தமிழ் உள்பட இந்திய மொழி எழுத்துகள் திரையில் வந்தன. கம்ப்யூட்டருக்கு இங்கிலீஷ் மட்டும்தான் தெரியும் என்று இருந்த காலத்தில் அது சின்னக் காரியம் அல்ல.

கோட்டை விட்டது எங்கே?

புனே எந்திரத்தின் மூளை இங்கிலாந்துச் சிப். 'இன்மாஸ்' 1989இலேயே கைமாறியிருந்தது. அடுத்த ரகச் சிப் தாமதமாகிக்கொண்டே போய், டிரான்ஸ்பியூட்டர் என்ற ஜாதியே 1990களில் மறைந்து போனது. கடைக்காரன் கடையை மூடினால் வாடிக்கையாளன் என்ன செய்வான்? வேறு கடைக்குத்தான் போக வேண்டும். அடுத்தடுத்த 'பரம்' எந்திரங்கள் அமெரிக்க நிறுவனங்களான இண்டெல், சன், ஐ.பி.எம். ஆகியவற்றின் சிப்களோடு வந்தன.

சிப்பை இங்கேயே செய்ய ஒரு ஆலை இருக்கத்தான் செய்தது. பஞ்சாபில் மொஹாலியில் அரசு நடத்திய அந்த ஆலை 1984இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1989 பிப்ரவரியில் தீப்பிடித்து எரிந்தது. அது மறுபடி எழுந்து நிற்கப் பல ஆண்டுகள் ஆயின. சிப் உலகத்தில் பல ஆண்டு என்பது ஒரு தலைமுறைக்குச் சமம்.

இதற்குள் காலம் மாறியது. 1991க்குப் பிறகு இறக்குமதிக் கதவு திறந்தது. வெளிநாட்டு நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கும் தொழில் வளர்ந்தது. கெட்டிக்காரப் பிள்ளைகள் அந்தப் பக்கம் போனார்கள். ஹிஞ்சவடியில் பூங்கா எழுந்தது. கிராமமாக இருந்த வாகட்டில் பத்து மாடி, இருபது மாடிக் கட்டிடங்கள் முளைத்தன. மதுரையிலும் நெல்லையிலும் படித்த ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு இங்கே வீடும் வாழ்வும் கிடைத்ததற்கு அதுவே காரணம். அதைக் குறை சொன்னால் நன்றி கெட்ட பேச்சாகும். ஆனால் சிப் செய்யும் வேலைக்கு ஆள் குறைந்தது என்பதும் உண்மை.

இத்தனைக்கும் நடுவே 2007 நவம்பரில் புனே ஒரு தடவை தலை நிமிர்ந்தது. டாட்டா குழுமத்தின் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே அமைத்த 'ஏகா' கம்ப்யூட்டர் உலகப் பட்டியலில் 4வது இடத்துக்கு வந்தது. வினாடிக்கு ஒரு கோடி கோடிக்கு மேல் கணக்கு. ஆசியாவிலேயே முதல் இடம். சீனாவும் ஜப்பானும் அன்று புனேக்குப் பின்னால்தான் நின்றன.

மூன்றே ஆண்டில் நிலைமை தலைகீழாகி விட்டது.

சீனாவின் பொறுமை

சீனாவும் முதலில் வெளிநாட்டுச் சிப்பை வாங்கித்தான் முன்னேறியது. 2010 நவம்பரில் முதல் இடம் பிடித்த 'தியான்ஹே-1ஏ' எந்திரத்திலும், 2013 ஜூன் முதல் முதல் இடத்தில் இருந்த 'தியான்ஹே-2' எந்திரத்திலும் பெரும்பாலான கணக்கைப் போட்டவை அமெரிக்கச் சிப்கள். சிப்களை இணைக்கும் வலையைச் சீனர்களே செய்தார்கள். அந்த அளவில் புனே 1991இல் செய்ததும் அதுவே.

வித்தியாசம் என்னவென்றால், ஒரு கையால் வாங்கிக்கொண்டே மறு கையால் சொந்தச் சிப்பையும் அவர்கள் செய்து வந்தார்கள். 1983இலேயே சாங்ஷா நகரில் வினாடிக்கு 10 கோடி கணக்குப் போடும் 'யின்ஹே' எந்திரத்தைக் கட்டியிருந்தார்கள். 1986இல் உயர் தொழில்நுட்பத்துக்கென்று ஒரு தேசியத் திட்டம் தொடங்கி அதைப் பல பத்தாண்டுகள் நிறுத்தாமல் நடத்தினார்கள். 2011இல் ஜினான் நகரில் முழுக்க முழுக்கச் சொந்தச் சிப்பில் ஓடும் ஒரு கம்ப்யூட்டரை நிறுவினார்கள். உலகப் பட்டியலில் அது முதல் இடத்துக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதற்காக மூட்டை கட்டவில்லை.

2015இல் தியான்ஹே-2ஐ விரிவாக்க இண்டெல் சிப் விற்பதற்கு அமெரிக்க அரசு அனுமதி மறுத்தது. அணு ஆயுத வேலைக்குப் பயன்படுகிறது என்று காரணம் சொன்னார்கள். அடுத்த ஆண்டே தைஹுலைட் வந்தது. ஒவ்வொரு சிப்பிலும் 260 'கோர்'. மொத்தம் 1 கோடியே 6 லட்சத்துக்கும் மேல். வேகம் வினாடிக்கு 930 கோடி கோடி கணக்கு. அதுவரை முதல் இடத்தில் இருந்ததைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு.

மறுப்பு வந்ததால் சிப் பிறந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். ஓர் ஆண்டில் யாராலும் சிப் செய்ய முடியாது. மறுப்பு வந்த அன்று அது ஏற்கெனவே மேசை மேல் இருந்தது.

குறையும் உண்டு. தைஹுலைட்டின் நினைவகம் அதன் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. சில வகை வேலைகளில் மிகவும் தடுமாறியது. ஆனால் அதே ஆண்டு, காற்று மண்டலத்தின் ஓட்டத்தை அதில் கணக்கிட்டுக் காட்டிய சீனக் குழுவுக்கு இத்துறையின் உயர்ந்த பரிசான 'கோர்டன் பெல்' பரிசு கிடைத்தது. சீனாவுக்கு அந்தப் பரிசு அதுவே முதல் தடவை.

சிப் அச்சிடும் மிக நுட்பமான எந்திரம் ஹாலந்து நாட்டில் தயாராகிறது. அதைச் சீனாவுக்கு விற்க இன்றும் தடை. இருந்தும் 2023இல் 'ஹுவாவே' நிறுவனம் உள்நாட்டு ஆலையில் 7 நானோமீட்டர் ரகத்தில் செய்த சிப்போடு செல்போன் வெளியிட்டபோது அமெரிக்காவிலேயே பலர் வியந்தார்கள்.

பாஷாணில் இன்று

புனே சும்மா இல்லை. பாஷாணில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வுக் கழகத்தில் 2018இல் 'பிரத்யூஷ்' என்ற சூப்பர் கம்ப்யூட்டர் வந்தது. அதைச் செய்தது யார் தெரியுமா? ஒரு காலத்தில் அமெரிக்க அரசின் நிபந்தனையோடு இந்தியாவுக்கு எந்திரம் அனுப்பிய அதே 'கிரே' பெயர் கொண்ட நிறுவனம்! 2024 செப்டம்பரில் அதைவிடச் சக்தி வாய்ந்த 'அர்க்கா' வந்தது. 2025 மே மாதம் முதல் 6 கிலோமீட்டர் சதுரம் சதுரமாகப் பிரித்து மழையைக் கணிக்கும் முறை அதைக் கொண்டு நடப்புக்கு வந்துள்ளது. முன்பு அது 12 கிலோமீட்டராக இருந்தது. வடகிழக்குப் பருவமழையை நம்பி நாற்று விடும் தஞ்சை விவசாயிக்கு வரும் கணிப்பில் பாஷாணுக்கும் பங்கு உண்டு.

2015இல் மத்திய அரசு 4,500 கோடி ரூபாயில் தேசிய சூப்பர் கம்ப்யூட்டர் திட்டம் அறிவித்தது. அதன்படி சி-டாக் வடிவமைத்த 'பரம் ருத்ரா' எந்திரங்கள் மூன்று 2024 செப்டம்பரில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டன. அவற்றில் ஒன்று நாராயண்காவ் பக்கத்தில், கோடத் வானொலித் தொலைநோக்கி நிலையத்துக்கு. பலகை நம்முடையது. பெட்டி நம்முடையது. சிப் மட்டும் இண்டெல்.

அந்தச் சிப்புக்கான முயற்சியும் நடக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடி தலைமையில் 'சக்தி' என்ற சிப் வடிவமைக்கப்பட்டது. 2018இல் அதில் ஒரு ரகத்தை அமெரிக்காவில் இண்டெல் ஆலையில் அச்சிட்டு வாங்கினார்கள். இன்னொரு ரகம் 180 நானோமீட்டர் அளவில் இந்தியாவிலேயே அச்சானது. அச்சிட்ட இடம், 1989இல் எரிந்து பிறகு எழுந்த மொஹாலி ஆலை.

சூப்பர் கம்ப்யூட்டருக்கென்றே 96 கோர் கொண்ட 'ஓம்' என்ற சிப்பைச் சி-டாக் 2023இல் அறிவித்தது. அதன் அடிப்படை வடிவம் இங்கிலாந்தில் பிறந்த 'ஆர்ம்' நிறுவனத்துடையது. அச்சிடத் திட்டமிட்டிருக்கும் இடமோ கடல் கடந்து இருக்கிறது.