டைட்டானியத்தின் மேற்பூச்சு

பல் இம்பிளான்ட் எனப்படும் டைட்டானியத் திருகு தாடையெலும்பில் ஊன்றி நிற்பதற்கு உலோகத்தின் வலிமை மட்டும் காரணமன்று. காற்றுப் பட்டவுடன் அதன்மேல் தானாகப் படியும், சில நானோமீட்டர் தடிமனே கொண்ட ஆக்சைடு படலத்தோடுதான் எலும்பு உறவு கொள்கிறது. சுவீடனைச் சேர்ந்த பிரோனெமார்க், முயலின் எலும்பில் பதித்த டைட்டானியக் கருவி எலும்போடு ஒன்றிப்போய்ப் பெயர்க்க இயலாதிருந்ததை 1950களில் கண்டார். 1965இல் மனிதத் தாடையில் முதன்முதலாக அத்திருகுகளைப் பொருத்தினார். கடைசலில் வழவழப்பாக இழைக்கப்பட்ட அத்திருகுகள் எலும்போடு இணைவதற்குக் கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதமும் மேல்தாடையில் ஆறு மாதமும் காத்திருப்பதே வழக்கமாயிற்று.

இக்காத்திருப்பைக் குறைக்க முனைந்தோர், எலும்பின் கனிமப் பகுதியை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட்டைக் கடும் வெப்பமுள்ள பிளாஸ்மாத் தாரையில் உருக்கித் திருகின்மேல் தெளித்தனர். 1980களில் இம்முறை பரவியது. எலும்பு இப்பூச்சை விரைந்து பற்றிக்கொண்டது, ஆனால் பூச்சுக்கு உலோகத்தின்மேல் அத்தகைய பிடிப்பு இல்லை என்பதே இதிலுள்ள விந்தை. தெளித்த துகள்கள் சட்டெனக் குளிர்கையில் அவற்றுள் ஒரு பகுதி படிக ஒழுங்கை இழப்பதால் உடல் திரவத்தில் எளிதில் கரைகிறது. பூச்சும் உலோகமும் சூட்டில் ஒரே அளவாக விரிந்து சுருங்காமையால் அவற்றின் இடையில் இறுக்கம் தங்கி, மெல்லும் விசையில் பூச்சு உரியவும் நேர்கிறது. பூச்சு எலும்போடு தங்கிவிட, திருகு மட்டும் தளர்வதும் உண்டு.

ஆகவே பிற்கால ஆய்வு, மேலே ஒன்றைப் பூசுவதைக் காட்டிலும் உலோகத்தையே சொரசொரப்பாக்குவதில் மிகுதியாக நாட்டம் கொண்டது. பழைய சுவரில் சாந்து பிடிப்பதற்காகக் கொத்தனார் அதைக் கொத்திவிடுவதைப் போல, கரடுமுரடான துகள்களை வீசியடித்துப் பின்னர் அமிலத்தால் அரித்த பரப்பில் ஓரிரு மைக்ரோமீட்டர் ஆழமுள்ள குழிகள் உண்டாகின்றன. குருதி உறைவு அவற்றில் பற்றிக்கொள்ள, எலும்பு திருகை ஒட்டியே வளரத் தொடங்குகிறது. நல்ல எலும்புள்ள இடத்தில் காத்திருப்பு ஆறு வாரமளவுக்குக் குறைந்தது இதனால்தான்.

எனினும் விளம்பரங்கள் சொல்லாத ஒன்றும் உண்டு. எலும்பு தேய்ந்து இச்சொரசொரப்பு வாய்க்குள் வெளிப்பட்டால், எலும்புக்கு இடங்கொடுத்த அதே குழிகள் கிருமிப்படலத்துக்கும் இடங்கொடுக்கின்றன. அதைச் சுரண்டி அகற்றுவது பல் மருத்துவருக்கே கடினமான பணி. எலும்பு குறைவாகவோ மென்மையாகவோ உள்ள இடத்திலும், விரைவில் பல் பொருத்த வேண்டிய நிலையிலும் பரப்பின் தன்மை மிகவும் உதவும். உறுதியான எலும்பில் கைதேர்ந்தவர் பொருத்திப் போதிய காலமும் விட்டால், இழைத்த பழைய திருகே பல்லாண்டு நிலைக்கிறது. எந்தப் பூச்சு உயர்ந்தது என்று கேட்டு விலை பேசும் நோயாளர், புகையிலையை விடுவதிலும் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதிலும் ஆண்டுதோறும் ஈறைக் காட்டிச் சோதித்துக்கொள்வதிலும் அதே அக்கறை கொள்ள வேண்டும்.