பழுது பார்த்த எஞ்சினும் மசகெண்ணெயும்

காரைக்குடிப் பக்கத்து அங்கத்தினர் ஒருவர், பழுது பார்த்துப் பூட்டிய இறைப்பு எஞ்சினை உடனே ஓட்டிக் கால் மணியில் புதிய பேரிங்குகளை இழந்தார். கடன் மட்டும் நின்றது. அடித்தொட்டி நிறைய எண்ணெய் இருந்ததே என்றார். குழாய்கள் வறண்டிருந்தன.

சுழலும் தண்டு எண்ணெய்ப் படலத்தின்மீதே மிதக்கிறதென்பதை ஆஸ்பர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் கணக்கிட்டுக் காட்டினார். படலமின்றேல் உலோகம் உலோகத்தைத் தின்னும். உலர்ந்த எண்ணெய்ப் பம்போ காற்றையே சுழற்றும்.

ஆகவே, பூட்டும்போதே பேரிங்குகளில் எண்ணெய் தடவுக. எண்ணெய்ப் பம்பிலும் வடிகட்டியிலும் வார்க்க. டீசலை அடைத்து, வால்வு நெம்புகோலைத் தூக்கி, பேரிங்குக்குச் செல்லும் குழாய் மூட்டைச் சற்றே தளர்த்திக் கைப்பிடியால் சுற்றுக. பொறுமை வேண்டும். குமிழி நின்று எண்ணெய் இடையறாது கசிந்ததும் மூட்டை இறுக்குக.

பின்னர்ப் பாரமின்றிச் சில நிமிஷம் ஓட்டி நிறுத்தி, பக்கக் கதவைத் திறந்து பேரிங்குச் சூட்டைப் பார்த்தபின்பே நீர்ப் பம்பின் பெல்ட்டை மாட்டலாம்.